சந்திர கிரகணமும் கைபேசிக் காமிராவும்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணம், இந்தியாவில் தொடக்கம் முதல் முடிவு வரையில் காணத்தக்கதாக அமைந்தது. இரவு 9 மணி 57 நிமிடத்தில் பூமியின் கருநிழல் சந்திரனின் விளிம்பைத் தீண்டிற்று. 11 மணி 1 நிமிடத்தில் சந்திரன் முழுவதும் அந்நிழலுக்குள் அடங்கிற்று. அந்நிலையில் 82 நிமிடங்கள் இருந்தபின், நள்ளிரவு கடந்து 12 மணி 23 நிமிடத்தில் வெளிப்படத் தொடங்கிற்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான்பௌதிக நிலையம், பெங்களூரிலும் லடாக்கிலும் தமிழ்நாட்டிலும் உள்ள தன் தொலைநோக்கிகளின் வாயிலாக இக்காட்சியை நேரலையாக மக்களுக்குக் காட்டியது. மழைக்காலமாகையால் நாட்டின் பல பகுதிகளில் மேகங்கள் இடையிடையே மறைத்தனவென்பது வேறு செய்தி.

இத்தகைய இரவுகளில் வீட்டு மாடிகளில் நிற்பவர்களின் கைகளில் இன்று தொலைநோக்கிக்குப் பதிலாகக் கைபேசியே காணப்படுகிறது. எடுக்கப்படும் படங்களை மறுநாள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். ஒரே நேரத்தில் ஒரே ஊரிலிருந்து எடுத்த படங்களில் ஒன்றில் சந்திரன் வெண்ணிறத் தட்டாகவும், மற்றொன்றில் ஆரஞ்சுப் பழம் போலவும், வேறொன்றில் பள்ளங்களும் மேடுகளும் நுட்பமாகச் செதுக்கப்பட்ட சாம்பல் நிற உருண்டையாகவும் தோற்றமளிக்கும். வானில் இருந்தது ஒரே சந்திரன். அங்ஙனமாயின் இவற்றுள் எது காமிரா கண்டது, எது காமிரா கற்பித்தது என்ற வினா எழுகிறது. அழகுக்காக எடுக்கும் படத்தில் இவ்வினா முக்கியமன்று. ஆனால் கிரகணத்தின் நிறம் ஒரு விஞ்ஞானக் குறிப்பாகும். அதனைப் பதிவு செய்ய விரும்புவோர் இதற்கு விடை அறிந்தே ஆகவேண்டும்.

நிறம் ஏன் குறிப்பாகிறது என்பதை முதலில் காண்போம். முழுக் கிரகணத்தின்போது சூரியனின் நேரொளி சந்திரனை அடைவதில்லை. பூமியைச் சூழ்ந்துள்ள வாயு மண்டலத்தின் ஊடே வளைந்து செல்லும் ஒளி மட்டுமே அங்குப் போய்ச் சேர்கிறது. வழியில் நீல ஒளி சிதறிவிடுவதால், எஞ்சும் செவ்வொளி சந்திரனைச் செம்பு நிறமாக்குகிறது. பூமியில் அந்நேரத்தில் உதயமும் அஸ்தமனமும் நிகழும் ஊர்கள் அனைத்தின் செவ்வானமும் சேர்ந்து சந்திரன்மீது படிகிறதென்று கூறினாலும் பிழையில்லை. வாயு மண்டலத்தின் மேலடுக்கில் எரிமலைத் தூசு மிகுந்திருந்தால் இவ்வொளி குன்றி, சந்திரன் கருத்துவிடும். பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ எரிமலை 1991-இல் வெடித்தபின், 1992 டிசம்பரில் நிகழ்ந்த கிரகணத்தில் சந்திரன் மிகவும் இருண்டு காணப்பட்டது இதற்குச் சான்று. பிரெஞ்சு வானியலறிஞர் ஆந்த்ரே தாஞ்சோன் 1921-இல் இதற்கென ஓர் அளவையை வகுத்தார். கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்துவிடும் கருமைக்கு 0, கரும்பழுப்புக்கு 1, துருவேறிய இரும்பின் சிவப்புக்கு 2, செங்கல் நிறத்துக்கு 3, ஒளிமிக்க செம்பு நிறத்துக்கு 4. வெறுங்கண்ணால் பார்த்து மதிப்பிடுவதற்கென அமைந்த இவ்வளவை இன்றும் வழக்கில் உள்ளது. ஆகவே, செங்கல் நிறத்தைச் செம்பு நிறமாக மாற்றித் தரும் காமிரா, பார்ப்பவருக்கு இன்பமூட்டினாலும் பதிவைக் கெடுத்துவிடுகிறது.

இனி, கைபேசிக்குள் நிகழ்வது யாது? பொத்தானை ஒருமுறை தொட்டால் ஒரு படம் எடுக்கப்படுகிறது என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில், சிறிதளவே ஒளி பெற்ற பல படங்கள் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி இணைக்கப்படுகின்றன. கூகிள் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு முதல் தன் கைபேசிகளில் கையாண்ட இம்முறை இன்று ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளிலும் உள்ளது. இதன் பயன் பெரிது. பிக்ஸல் எனப்படும் ஒளியுணர் புள்ளி கைபேசியில் ஒரு மைக்ரான் அளவினதே ஆகையால், அதில் விழும் ஒளி சொற்பம். இருட்டில் படம் முழுவதும் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும். பல படங்களின் சராசரியை எடுக்கும்போது அம்மணல் அடங்கிவிடுகிறது. பின்னர் வெண்மை எது என்று மதிப்பிட்டு நிறங்களைச் சரிசெய்தல், இருண்ட பகுதிகளைத் தூக்கியும் ஒளிமிக்க பகுதிகளைத் தாழ்த்தியும் சமப்படுத்துதல், விளிம்புகளைக் கூர்மையாக்குதல், நிறத்தைச் சற்று அழுத்தமாக்குதல் ஆகியன ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன.

செயல்முறை என்றாலே பொய் என்று கொள்வதும் தவறாகும். கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் உரிமை பெற்ற வண்ணத் திரையமைப்பே இன்றைய காமிராக்கள் பெரும்பாலானவற்றில் உள்ளது. இதில் நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சையையும், ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும் மட்டுமே அளக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் தேவையான மூன்று நிறங்களில் ஒன்றே அளக்கப்பட்டது. மற்ற இரண்டும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்பப்பட்டவை. ஆயினும் அக்கணிப்பு, முன்னே இருக்கும் பொருளிலிருந்து வந்த ஒளியையே ஆதாரமாகக் கொண்டது. என்றோ எடுத்த வேறு படங்களிலிருந்து கற்றதைக் கொண்டு நிரப்புவது வேறு வகையைச் சேர்ந்தது. இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையைச் சந்திரனைப் போல் தெளிவாகக் காட்டும் பொருள் பிறிதொன்றில்லை.

காரணம், சந்திரனை எவ்வளவு நுட்பமாகப் படமெடுக்க இயலும் என்பதை எளிய கணக்கினால் அறியலாம். வானில் சந்திரனின் விட்டம் ஏறத்தாழ அரை டிகிரி. 7 மி.மீ. குவியத் தூரமுள்ள கைபேசி லென்ஸ் உண்டாக்கும் சந்திர பிம்பத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கே. புள்ளியின் அளவு ஒரு மைக்ரான் எனக் கொண்டால், சந்திரனின் முகம் முழுவதும் 60 புள்ளிகளின் அகலத்தில் அடங்கிவிடுகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் தனி லென்ஸ் உள்ள உயர்விலைக் கைபேசிகளிலும் இது ஏறத்தாழ 200 புள்ளிகளே. திரையில் நூறு மடங்கு என்று எழுதிக் காட்டுவது இதனையே இழுத்துப் பெரிதாக்கியதாகும்.

புள்ளிகளைக் கூட்டினால் குறை தீர்ந்துவிடும் என்றும் எண்ணலாகாது. ஒளியானது அலையியல்பு உடையதாகையால், சிறிய துளையின் வழியே புகும்போது விரிந்து பரவுகிறது. 4 மி.மீ. துளையுள்ள லென்ஸ் 35 வில் விநாடிக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்ட இயலாது. சந்திரனின் தூரத்தில் ஒரு வில் விநாடி என்பது 1.9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 65 கி.மீ.க்குக் குறைந்த எதுவும் அந்த லென்ஸுக்குத் தனித்துத் தெரியாது. துளை 5.5 மி.மீ. ஆனால் இவ்வெல்லை 47 கி.மீ. ஆகும். கோப்பர்நிக்கஸ் என்னும் பெரும் பள்ளத்தின் விட்டமே 93 கி.மீ.; டைக்கோ 85 கி.மீ. இவை கைபேசியில் ஒரு பொட்டாகத் தெரியலாமேயன்றி, சுவரும் நடுச்சிகரமுமாகத் தெரிய வழியில்லை. திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி நிறுவப்பட்டிருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து இணைப்பதால் மணல் அடங்கும். புள்ளிகளின் இடைவெளியால் ஏற்படும் குறையும் ஓரளவு தீரும். ஆனால் ஒளியலையின் இயல்பால் ஏற்படும் எல்லையை அம்முறை தாண்டுவதில்லை.

மற்றொரு சான்றும் உண்டு. பௌர்ணமியன்று சூரிய ஒளி சந்திரன்மீது நம் திசையிலிருந்தே நேராக விழுவதால், பள்ளங்களின் நிழல் நமக்குத் தெரிவதில்லை. சந்திர கிரகணமோ பௌர்ணமியில் மட்டுமே நிகழ்வது. ஆகவே கிரகண இரவின் கைபேசிப் படத்தில் பள்ளங்கள் நிழலோடு எழும்பி நின்றால், அந்நிழல் வானிலிருந்து வந்ததன்று எனத் துணியலாம்.

இது வெறும் ஐயமன்று. 2023 மார்ச்சில் ஆர்வலர் ஒருவர் சந்திரனின் படமொன்றை 170-க்கு 170 புள்ளிகளாகச் சிறிதாக்கி, அதில் எந்த நுட்பமும் எஞ்சாதவாறு மங்கச் செய்து, கணினித் திரையில் காட்டி, விளக்கை அணைத்துவிட்டு, அறையின் மறுகோடியிலிருந்து சாம்சங் கைபேசி ஒன்றினால் படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் தோன்றின. அந்நிறுவனம் அதே மாதத்தில் விளக்கம் வெளியிட்டது. சந்திரன் என்று அடையாளம் கண்டவுடன் பல படங்களை இணைத்து, பின்னர் பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவினால் நுட்பங்களை மேம்படுத்துவதாகவும், ‘ஸீன் ஆப்டிமைசர்’ என்னும் அமைப்பை நிறுத்திவிட்டால் இச்செயல் நடைபெறாதென்றும் அதில் கூறப்பட்டது. 2019-இல் ஹுவாவே நிறுவனத்தின் கைபேசியைப் பற்றியும் இதேபோன்ற சர்ச்சை எழுந்திருந்தது. சந்திரன் எப்போதும் ஒரே முகத்தையே பூமிக்குக் காட்டுகிறான். சிறு தள்ளாட்டம் தவிர அம்முகத்தில் மாறுதல் இல்லை. மனப்பாடம் செய்வதற்கு இதனினும் எளிய பாடம் எந்திரத்துக்கு வாய்க்காது! சந்திரன் விஷயத்தில் இதனால் பெரிய தீங்கில்லை எனலாம். ஆனால் படத்தில் எவ்வளவு பகுதி ஒளியால் ஆனது, எவ்வளவு பகுதி பாடத்தால் ஆனது என்பதைப் படத்தோடு எழுதி வைக்காமல் விடுவது முறையன்று. 2025-இல் வெளிவந்த கூகிள் பிக்ஸல் 10 கைபேசி, படம் உருவான விதத்தைப் பற்றிய சான்றுக் குறிப்பு ஒன்றைப் படத்துடனேயே இணைக்கத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது.

வடிவத்தில் கற்பித்துச் சேர்க்கும் எந்திரம், நிறத்தில் இருப்பதை நீக்கிவிடுவதும் உண்டு. மஞ்சள் விளக்கின்கீழ் வெள்ளைத்தாள் மஞ்சளாகத் தெரியாதவாறு காமிரா தானே நிறத்தை ஈடுசெய்கிறது. இதனை வெண்மைச் சமன் என்பர். காட்சி முழுவதும் செந்நிறமாயிருந்தால், விளக்கின் குறையே இது என்று கருதி அதனையும் நீக்க முற்படும். 2020 செப்டம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவில் காட்டுத்தீயின் புகையால் சான்பிரான்சிஸ்கோ நகரத்து வானம் ஆரஞ்சு நிறமாக மாறியபோது, பலருடைய கைபேசிகள் அதனைச் சாம்பல் நிறமாகவே காட்டின. முழுக் கிரகணத்துச் சந்திரனுக்கும் இந்த விபத்து நேரலாம். நேர்மாறாக, செம்மையைக் கண்டதும் அதனை மேலும் அழுத்தமாக்கி இரத்தச் சிவப்பாக்கும் கருவிகளும் உள.

மனிதக் கண்ணும் மூளையும் இத்தகைய ஈடுசெய்தலைச் செய்பவையே என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். ஸர் ஸி. வி. ராமன் 1948-இல் பெங்களூரில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய பின், மலர்களின் நிறத்தையும் கண்ணின் நிறவுணர்வையும் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பார்வையைப் பற்றிய நூலொன்றை 1968-இல் வெளியிட்டார். நிறம் ஒளியில் மட்டும் இருப்பதன்று, காண்பவனிடத்தும் இருப்பது என்பதை அத்துறையில் இறங்குவோர் விரைவில் உணர்வர். ஆயினும் கண் தன் வழக்கத்தை மாதிரிக்கு மாதிரி மாற்றிக்கொள்வதில்லை, கைபேசி மாற்றிக்கொள்கிறது. ஒருவர் 3 என்றும் மற்றவர் 4 என்றும் குறிக்கும்போது, வேற்றுமை வானத்தினதா கருவியினதா என்று அறியவேண்டுமாயின் இம்மாற்றத்தை நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்தும் வழிகள் கடினமல்ல. காமிராவின் அமைப்புப் பக்கத்தில் காட்சியை அடையாளம் கண்டு தானே மேம்படுத்தும் அமைப்பு எப்பெயரில் இருந்தாலும் அதனை முதலில் அணைத்துவிட வேண்டும். பின்னர் ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றிலுள்ள ‘ப்ரோ’ என்னும் முறைக்கு மாறவேண்டும். ஐபோனின் சொந்தக் காமிராச் செயலியில் இவ்வசதி இல்லாமையால், கைமுறைக் கட்டுப்பாடு தரும் தனிச் செயலி ஒன்றை நாடவேண்டும். வெண்மைச் சமனைப் பகலொளிக்குரிய 5,500 கெல்வின் அளவில் நிறுத்தி, இரவு முழுவதும் அதனை மாற்றாமல் வைத்தல் வேண்டும். நிலவொளி சூரிய ஒளியின் பிரதிபலிப்பே ஆகையால் இவ்வளவே பொருத்தமானது. குவியத்தை முடிவிலியில், அதாவது மலைச் சின்னம் உள்ள இடத்தில் வைக்கவேண்டும். லென்ஸுக்கு உரிய பெருக்கத்தோடு நின்றுவிட வேண்டும். அதற்குமேல் விரலால் விரித்துப் பெரிதாக்குவது பின்னர் கணினியிலும் செய்யத்தக்கதே.

ஒளியின் அளவே தொடக்கத்தில் பலரைத் திகைக்க வைப்பது. தானியங்கும் காமிரா, படத்தின் பெரும்பகுதியான கருவானத்தைப் பார்த்து, காட்சி இருண்டதென்று முடிவுகட்டி ஒளியை மிகுதியாக ஏற்கிறது. சந்திரன் வெள்ளைத் தட்டாவது இதனாலேயே. சூரிய ஒளியில் கிடக்கும் பாறைக்கு வேண்டிய அளவே முழுநிலவுக்கும் போதும். ஐ.எஸ்.ஓ. 100, நேரம் விநாடியில் 500-இல் ஒரு பங்கு முதல் 1,000-இல் ஒரு பங்கு வரை எனத் தொடங்கலாம். முழுக் கிரகணத்தின்போது சந்திரன் பல்லாயிரம் மடங்கு மங்கிவிடுவதால், ஐ.எஸ்.ஓ. 800 வைத்து, லென்ஸின் துளைக்கு ஏற்பக் கால் விநாடி முதல் இரண்டு விநாடி வரை தேவைப்படும். அந்நேரத்திற்குள் பூமியின் சுழற்சியால் சந்திரன் நகர்ந்து படம் கலங்கிவிடாதா எனின், வானம் ஒரு விநாடிக்கு 15 வில் விநாடியே நகர்கிறது. லென்ஸின் பிரித்தறியும் எல்லையோ மேற்கூறியவாறு 25 முதல் 35 வில் விநாடி வரையாகும். ஆதலின் இரண்டு விநாடிவரை பெருங்கேடு இல்லை. கை நடுக்கத்தால் நேரும் கேடே பெரிது. முக்காலி இல்லாதவர்கள் மாடிச் சுவரில் அரிசிப் பையொன்றை வைத்து, அதில் கைபேசியைப் பதித்து, இரண்டு விநாடி தாமதித்து இயங்கும் அமைப்பினால் எடுக்கலாம். ப்ரோ முறை இல்லாத எளிய கைபேசியிலும் வழியுண்டு: திரையில் சந்திரன்மீது விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியளவும் பூட்டப்படும், பின்னர் அருகில் தோன்றும் சூரியச் சின்னத்தைக் கீழ்நோக்கி இழுத்துச் சந்திரனின் கறைகள் தெரியும்வரை ஒளியைக் குறைக்கலாம்.

ஆனால் இவ்வழி சந்திரனுக்கு மட்டுமே உரியது. சூரிய கிரகணத்தின்போது தகுந்த வடிகட்டியின்றிக் கைபேசியைச் சூரியனை நோக்கித் திருப்புவது கருவிக்கும், பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கும் ஆபத்தானது.

எடுத்த படத்தை எவ்வுருவில் சேமிப்பது என்பதிலும் கவனம் தேவை. வழக்கமான ஜேபெக் கோப்பு, எல்லாச் செயல்முறைகளும் முடிந்தபின் கிடைக்கும் பண்டம். பின்னால் திரும்பிச் செல்ல இயலாது. ‘ரா’ எனப்படும் கோப்பு, ஒளியுணர் தகடு அளந்த எண்களைப் பெரும்பாலும் அப்படியே தாங்கி நிற்பது. அது பருமனில் பன்மடங்கு பெரிது. முதற்பார்வைக்கு மங்கலாகவும் உயிரற்றதாகவும் தோன்றும். அதனைக் கண்டு மனம் தளரவேண்டியதில்லை. சில கைபேசிகளில் பல படங்களை இணைத்த பின்னரே ‘ரா’ எனச் சேமிக்கப்படுகிறது. 2020-இல் ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘ப்ரோரா’ அத்தகையது. எனவே இரு உருவங்களையும் சேர்த்துச் சேமிக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, எந்த லென்ஸ், என்ன ஐ.எஸ்.ஓ., எவ்வளவு நேரம் என்னும் குறிப்புகள் கோப்பிலேயே பதிந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நலம். நண்பர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிக் குறிப்புகளும் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அவை காப்பாற்றப்படும்.

இக்குறிப்புகளின் மதிப்பைப் பழைய தகடுகளிடமிருந்து கற்கலாம். கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில் 1904-ஆம் ஆண்டு முதல் எடுக்கப்பட்டுவந்த சூரியப் படங்கள், நாளும் நேரமும் குறித்து வைக்கப்பட்டமையாலேயே, ஒரு நூற்றாண்டு கடந்து எண்ணுருவாக்கப்பட்டு இன்றும் சூரியப் புள்ளிகளின் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. கண்ணாடித் தகட்டுக்கும் தனக்கென ஒரு கோணல் உண்டு. ஒளி இருமடங்கானால் கருமை இருமடங்காவதில்லை. ஆனால் அக்கோணல் இன்னதென்று அறிந்து கணக்கில் கொள்ளத்தக்கது.

தம் கைபேசி எவ்வகையைச் சேர்ந்தது என அறிய விரும்பும் வாசகர்கள், 2023-இல் செய்யப்பட்ட சோதனையைத் தம் வீட்டிலேயே செய்துபார்க்கலாம். சந்திரனின் படமொன்றைச் சிறிதாக்கி மங்கச் செய்து கணினித் திரையில் கருநிறப் பின்னணியில் காட்டி, அறையை இருளாக்கி, இயன்ற அளவு விலகி நின்று பெரிதாக்கி எடுக்கவேண்டும். முதலில் எல்லாத் தானியங்கு அமைப்புகளுடனும், பின்னர் அவற்றை அணைத்தும் எடுத்து, இரு படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடவேண்டும். அடுத்து, பகலில் வெள்ளைத்தாள் ஒன்றையும் செங்கல் ஒன்றையும் வெயிலில் வைத்து, தானியங்கு வெண்மைச் சமனிலும் 5,500 கெல்வினிலும் தனித்தனியே எடுத்தால் நிறத்தில் நேரும் மாற்றம் விளங்கும். செங்கல்லை மட்டும் திரை நிரம்ப எடுத்துப் பார்த்தால் மாற்றம் இன்னும் நன்றாகப் புலப்படும். பழக்கத்துக்குக் காலம் தாராளமாக உள்ளது. பெங்களூரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நன்கு காணத்தக்க முழுச் சந்திர கிரகணம் ஒன்று 2028-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு நிகழவிருக்கிறது. முழு மறைவின் நடுப்பகுதி இரவு 10 மணி 22 நிமிட அளவில் அமையும். அது பனிக்காலமாகையால் மழைமேகத்தின் தொல்லையும் குறைவாகவே இருக்கக்கூடும்.